தோற்ற இரண்டாவது நிமிடமே சிரித்துக் கைகுலுக்குகிறார்களே, அவர்களுக்கு வலிக்காதா?

கேள்வி இதுதான்: "நம்ம டீம் தோத்த அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. டிவியில் பார்த்தால் நம் ஆட்கள் எதிரணிக்காரர் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் வந்துவிடும். ரசிகனுக்கு இருக்கிற வலியில் பாதியாவது தொழில்முறை வீரர்களுக்கு இருக்குமா?"

நான் சேலத்தில் இருபத்தாறு வருடமாக உடற்கல்வி ஆசிரியர். பழக்குவது வாலிபால். காலை ஐந்தரை மணிக்கு ஏற்காடு அடிவாரத்தில் என் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், துறை அணிகளுக்காக ஆடிச் சம்பளம் வாங்குகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மைதானத்துக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். இன்னொரு பக்கம் நானே பெரிய கிரிக்கெட் ரசிகன், தோற்ற ராத்திரிகளில் சாப்பிடாமல் படுத்தவன். இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வலிக்கிறது. சில சமயம் நம்மைவிட அதிகமாக, பல சமயம் நம்மைவிடக் குறைவாக. ஆனால் அளவைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு, வலிக்கிற இடம் வேறு. நமக்கு வலிப்பது ஆட்டத்தின் முடிவு. அவர்களுக்கு வலிப்பது அந்த ஆட்டத்தில் தன் கையை விட்டுப் போன ஒரு பந்து, தன் கால் பிசகிய ஓர் அடி. முடிவின் வலி சத்தமாக வந்து சீக்கிரம் போய்விடும். அந்த ஒரு பந்தின் வலிக்குச் சத்தம் கிடையாது, அது வருடக்கணக்கில் கூடவே இருக்கும்.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்து வந்த இந்தியா அகமதாபாத்தில் 240 ரன்னுக்கு ஆல் அவுட். டிராவிஸ் ஹெட் 137 அடித்தார், ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை. அம்மாப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் தட்டுவடை செட் கடைக்காரர், ஜெயித்தால் கூட்டம் அள்ளும் என்று நம்பி பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு பங்கு துருவி வைத்திருந்தார். ஒன்பதேகாலுக்கு ஆட்டம் முடிந்தது. தெருவில் ஆள் இல்லை. பேசினில் பீட்ரூட் துருவல் அப்படியே குவிந்து கிடந்தது, ஓரத்தில் சாறு சிவப்பாகத் தேங்கி நின்றது. அவர் யாரையும் திட்டவில்லை. தட்டுவடைகளை மறுபடி டின்னுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, "தோத்துட்டானுங்க சார்" என்று மட்டும் சொன்னார். பத்து ஆட்டமாக அதே வாயால் "ஜெயிச்சிட்டோம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

இந்த வினைமுற்றைக் கவனியுங்கள். ஜெயித்தால் "ஜெயிச்சோம்", தோற்றால் "தோத்துட்டானுங்க". நம் ஊரில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க ரசிகன் இப்படித்தான் பேசுகிறான். ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். பல்கலைக்கழக அணி ஜெயித்ததற்கு அடுத்து வரும் திங்கட்கிழமை, மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட உடையை அதிகம் போட்டு வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்த ஆட்டத்துக்கு "நாங்கள்" என்ற சொல் அதிகம் வந்தது, தோற்ற ஆட்டத்துக்குக் குறைந்தது. ஆங்கிலத்தில் அதற்குத் தனியாக ஒரு பிரதிப்பெயர் வேண்டும். தமிழில் வினையின் வாலிலேயே எல்லாம் இருக்கிறது. "ஓம்" போட்டால் உள்ளே, "ஆனுங்க" போட்டால் வெளியே.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வலி தாங்க முடியாமல் கொஞ்சம் தள்ளி நிற்பது மனித இயல்பு. ஆனால் வீரனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் எப்போதும் "தோத்துட்டோம்" என்றுதான் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அவனே சொதப்பியிருந்தால் "தோக்க வச்சிட்டேன்" என்று ஒருமையில் சொல்லிக்கொள்கிறான். யாரிடமும் வாய்விட்டு இல்லை, தனக்குள்.

வீரர்களைவிட ரசிகர்கள் தோல்வியை நன்றாகத் தாங்கிய நாளும் உண்டு. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். 271 தேவை. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட்டானபோது தேவைப்பட்டது 17 ரன், கையில் மூன்று விக்கெட். நான்கு ரன் சேர்ப்பதற்குள் மூன்றும் விழுந்து, இந்தியா 258-ல் முடிந்தது. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. அன்று சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது, அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டு ரசிகனாக இருப்பதில் எனக்குப் பெருமை தந்த நாட்களில் அது ஒன்று. ஆனால் அதே நேரம் உடைமாற்றும் அறையில் சச்சின் அழுதுகொண்டிருந்தார். ஆட்ட நாயகன் விருதை வாங்க அவர் வெளியே வரவில்லை. வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டி மனதை ஆற்றிக்கொண்டார்கள், உள்ளே ஒருவரால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அந்த ஆயிரம் பேரிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. சக்லைன் முஷ்டாக்கின் அந்தப் பந்தைத் தூக்கி அடித்தது அவருடைய கை.

இனி நம் மாவட்டத்துக்கே வருகிறேன். ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்தது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தை நடத்தியவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நடந்த டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. தங்கம் வாங்கிய அமெரிக்கர் சாம் க்ரூவி தாண்டியது 1.88. இடைவெளி இரண்டு சென்டிமீட்டர்.

சேலத்தில் நாங்கள் அந்த வெள்ளியைக் கொண்டாடினோம். என் பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம். எங்கள் யாருக்கும் அது தோல்வியாகத் தோன்றவே இல்லை. ஆனால் போட்டி முடிந்ததும் மாரியப்பன் என்ன பேசினார் தெரியுமா? காலுறையைப் பற்றி. அன்று மழை. குறைபாடுள்ள காலில் போட்டிருந்த காலுறை நனைந்து கனத்து, பாதத்தோடு ஒட்டிக்கொண்டது, அதனால் தாண்டச் சிரமமாகிவிட்டது, இல்லாவிட்டால் 1.90 வரை போயிருப்பேன் என்ற பொருளில் சொன்னார். ஒரு நாடே மாலை போடக் காத்திருந்தது. அவர் நினைப்போ அந்த நனைந்த காலுறையில் இருந்தது.

இதைச் சாக்கு சொல்வதாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாண்டுகிறவனுக்கு ஓட்டம் என்பது எண்ணி வைத்த அடிகள். கடைசி அடியில் பாதம் தரையில் எப்படி ஊன்றுகிறது என்பதில்தான் மொத்த உயரமும் இருக்கிறது. அங்கே ஈரத்துணி ஒட்டினால் அந்த அடி அவனுடைய அடியாக இருக்காது. நமக்கு அது வெள்ளிப் பதக்கம். அவருக்கு அது சரியாக ஊன்றாத ஓர் அடி. 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் வாங்கினார். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம் என்று நாம் கூட்டிப் பார்க்கிறோம். 1.89, 1.86, 1.85 என்று அவரும் பார்த்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெள்ளியைப் பற்றி இன்னொன்று. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீடியோக்களை வைத்துச் செய்து 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், வெண்கலம் வாங்கியவர்களின் முகத்தில் வெள்ளி வாங்கியவர்களைவிட அதிக மகிழ்ச்சி தெரிந்தது. வெண்கலக்காரருக்கு "பதக்கமே இல்லாமல் போயிருக்கும்" என்ற நினைப்பு, வெள்ளிக்காரருக்கு "தங்கம் போச்சே" என்ற நினைப்பு. பி.டி. உஷாவுக்கு அந்த வெண்கலமும் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், அவர் 55.42 நொடி, மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கோஜோகாரு 55.41. நூறில் ஒரு நொடி. கோட்டைத் தொடும் இடத்தில் நெஞ்சை முன்னால் தள்ளியிருக்கலாமே என்பது நாற்பது வருடமாக அவரைத் தொடரும் பேச்சு. நம் தலைமுறை அதை ஒரு பெருமையாக நினைவு வைத்திருக்கிறது.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தாரமங்கலம் பக்கத்துப் பையன். அம்மா தறி ஓட்டுகிறவர். ப்ளஸ் டூ படிக்கும்போது ஆத்தூர் பக்கம் ஒரு ஊரில் பொங்கலையொட்டி நடந்த இரவு போட்டிக்குப் போயிருந்தோம். இறுதி ஆட்டம், ஐந்தாவது செட், 13-14 என்று பின்தங்கி நிற்கிறோம். சர்வீஸ் அவனிடம். ஜம்ப் சர்வீஸ் போடுகிறவன், அன்றைக்கு அதில் மட்டும் ஏழெட்டு பாயிண்ட் எடுத்திருந்தான். பந்தைத் தூக்கிப் போட்டான், எகிறினான், அடித்தான், பந்து வலையின் மேல் நாடாவில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. 13-15.

ஊர்க்காரர்கள் எங்கள் பையன்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். வண்டியில் ஏறியதும் இரண்டு பேர் விக்கி விக்கி அழுதார்கள். வாழப்பாடியில் நிறுத்திப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், அழுத இரண்டு பேரும் ஆளுக்கு நான்கு சாப்பிட்டார்கள். அயோத்தியாப்பட்டணம் தாண்டும்போது வண்டிக்குள் பாட்டே ஆரம்பித்துவிட்டது. இவன் அழவில்லை, சாப்பிட்டான், பக்கத்துப் பையன் சொன்னதற்குச் சிரிக்கவும் செய்தான். "பரவாயில்ல, தைரியசாலி" என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் திரும்பிப் பார்த்தபோது, ஜன்னல் ஓரமாக இடது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்திருந்தான். பந்தை அந்தக் கையால்தான் தூக்கிப் போடுவான். அதைச் சின்னதாக மேலே தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தான். பந்து இல்லாமலே.

அதற்கப்புறம் அவன் கல்லூரி அணிக்கு ஆடி, வேலைக்குப் போய், துறை அணிக்காக வருடத்துக்கு எத்தனையோ ஆட்டம் ஆடுகிறான். நிறைய ஜெயித்திருக்கிறான், நிறையத் தோற்றிருக்கிறான். பதினோரு வருடம் கழித்து ஒரு பொங்கலுக்கு வந்தவனிடம் யதேச்சையாக அந்த ஊர்ப் பெயரைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் சொல்லிவிட்டான்: "பந்த கொஞ்சம் முன்னால போட்டுட்டேன் சார். ஒரு சாண் இருக்கும்." பந்து முன்னால் போய்விட்டால் கை எட்டுவதற்குள் அது இறங்கிவிடும், அடி கீழே படும், வலையில் விழும். அவ்வளவுதான் விஷயம். அன்று வண்டியில் விக்கி அழுத இருவரில் ஒருவனை போன மாதம் ஐந்து ரோட்டில் பார்த்தேன். அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா என்று கேட்டால், ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சரி, சம்பள விஷயத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் உண்மையான கோபம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பணம் வந்தால் வலி குறையும் என்று நினைக்கிறோம். ஆனால் விளையாட்டில் வரும் பணம் மாதா மாதம் உறுதியாக வரும் சம்பளம் மாதிரி இல்லை. நம் சின்னப்பம்பட்டி நடராஜனை, கிரிக்கெட் பந்துவீச்சாளரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். 2015-ல் ரஞ்சி அறிமுக ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுப்பப்பட்டு, கையசைவையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, சேலமே துள்ளியது. அடுத்த வருடம் ஹைதராபாத் எடுத்தது 40 லட்சத்துக்கு. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020-ல் மட்டையாளரின் காலடியில் குத்தும் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட் எடுத்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு மோசமான இரவு என்பது நமக்கு இருப்பதைப் போல வெறும் ஏமாற்றம் இல்லை. அடுத்த ஆட்டத்தில் பதினொன்றில் பெயர் இருக்குமா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. பணம் வலியை எடுத்துவிடுவதில்லை, அதோடு பயத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது.

இதில் கேட்கக் கசப்பான ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீரனுக்கு அணியின் தோல்வியும் தன் தோல்வியும் ஒன்றில்லை. அணி தோற்று, தான் நன்றாக ஆடியிருந்தால் ராத்திரி தூக்கம் வரும். அணி ஜெயித்து, தான் நான்கு ஓவரில் ஐம்பது ரன் கொடுத்திருந்தால் கொண்டாட்டத்தில் நிற்பான், மனம் அங்கே இருக்காது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் நிலைமை இன்னும் சிக்கல். ஜெயிக்கிற அணியை யாரும் மாற்ற மாட்டார்கள், தோற்றால்தான் அவனுக்கு வாய்ப்பு. அணி தோற்கும்போது உள்ளே எங்கோ ஒரு மூலையில் "அடுத்த மேட்ச் நமக்கு இருக்குமோ" என்ற எண்ணம் எட்டிப் பார்க்கும். அப்படி எண்ணம் வந்ததற்காக வெட்கப்பட்டு என்னிடம் சொல்லியிருக்கிறான் ஒரு பையன். அவன் கெட்டவன் இல்லை, அடுத்தவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவனும் இல்லை. ரசிகனுக்கு இந்தக் கலப்படம் கிடையாது. நம் வருத்தத்தில் நம் வேலையும் பதவியும் இல்லை, அணி மட்டும்தான். அந்த வகையில் ரசிகனின் வலி சுத்தமானது, அதை நான் மதிக்கிறேன்.

ரசிகனின் வலி உடம்பையே தாக்கும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2006 கால்பந்து உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறுகளுக்காக அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்கள் வழக்கமான நாட்களைப் போல 2.66 மடங்கு இருந்தார்கள். 2008-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான கணக்கு இது. ஜெர்மனி ஜெயித்த ஆட்டத்திலும் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அர்ஜென்டினாவோடு பெனால்டி வரை போன கால் இறுதியில் ஜெர்மனிதான் ஜெயித்தது, அன்றைக்கும் எண்ணிக்கை ஏறியது. தோல்வியைவிட, ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மனிதனை வதைக்கிறது. களத்தில் நிற்பவனுக்கு அடுத்த பந்து என்று ஒரு வேலை இருக்கிறது. அவுட்டாகி வந்து உட்கார்ந்த வீரன் நகம் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே நிற்கும்போது அவன் அப்படி இல்லை. வெளியே வந்த நொடியில் அவனும் நம்மைப் போல ரசிகனாகிவிடுகிறான்.

இனி அந்தச் சிரிப்பும் கைகுலுக்கலும்.

2020 நவம்பர் 6, அபுதாபி, ஐபிஎல் எலிமினேட்டர். ஹைதராபாத்தும் பெங்களூரும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்று நடராஜன் போட்ட யார்க்கரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்ப் பறந்தது, சேலத்தில் அன்றைக்கு வெடி வெடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெங்களூர் தோற்றது. தோற்ற அணியில் இருந்தவர்கள் வாஷிங்டன் சுந்தர், முகமது சிராஜ், நவ்தீப் சைனி. ஜெயித்த அணியின் கேப்டன் டேவிட் வார்னர். சரியாகப் பத்து வாரம் கழித்து, 2021 ஜனவரி 15, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பிரிஸ்பேன் டெஸ்ட். நடராஜனும் சுந்தரும் ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி வாங்குகிறார்கள். சிராஜும் சைனியும் அவர்களோடு சேர்ந்து பந்து வீசுகிறார்கள். எதிரே மட்டை பிடித்து நிற்பது வார்னர். முதல் இன்னிங்ஸில் நடராஜன், சுந்தர் இருவருமே ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். அந்த டெஸ்டை மூன்று விக்கெட்டில் ஜெயித்து இந்தியா தொடரையே எடுத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அபுதாபியில் தோற்ற இரவு சுந்தர் போய் நடராஜனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா? இருவரும் தமிழ்நாட்டு அணிக்கு ஆடுகிறவர்கள். நேற்று ஒரே அறையில் தங்கியவன் இன்று எதிரணி, நாளை மறுபடி ஒரே அணி. ரசிகனுக்கு எதிரணி என்றால் எதிரணிதான், முப்பது வருடமானாலும். வீரனுக்கு எதிரணி என்பது வேறு சட்டை போட்டிருக்கும் சகதொழிலாளி. செவ்வாய்ப்பேட்டையில் பக்கத்துப் பக்கத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் ஆர்டருக்காகப் போட்டி போடுவார்கள், சாயங்காலம் ஒரே பெஞ்சில் டீ குடிப்பார்கள். ஆர்டர் போன வருத்தம் டீயோடு போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லையே. நடராஜனே பஞ்சாப், ஹைதராபாத், டெல்லி என்று மூன்று அணிச் சட்டையைப் போட்டுவிட்டார். என் பள்ளிப் பையன்கள் அவருக்காக ஆரஞ்சு நிறத்தை விட்டு நீலத்துக்கு மாறினார்கள். சில பேருக்கு மாற மனம் வரவில்லை, பழைய ஆரஞ்சுச் சட்டையோடே இருக்கிறார்கள். விசுவாசம் என்று வந்தால் ரசிகனுக்கு ஈடு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மறப்பதும் ஒரு தொழில் பயிற்சி. இதை என் பையன்களுக்கு நானே கற்றுக்கொடுக்கிறேன். சர்வீஸ் வலையில் விழுந்தால் திரும்பி நடக்கும் நான்கு அடிக்குள் அதை விட்டுவிட வேண்டும், ஐந்தாவது அடியில் அடுத்த பந்து. 2024-ல் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் ஒரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைச் சொன்னார்: ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்தவர், ஆனால் ஆடிய பாயிண்டுகளில் ஜெயித்தது 54 சதவீதம்தான். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரே கிட்டத்தட்டப் பாதி பாயிண்டுகளைத் தோற்றிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து வருந்தியிருந்தால் அவர் இரண்டாவது செட் வரை வந்திருக்க மாட்டார்.

காலண்டரும் விடாது. 2023 இறுதிப் போட்டி தோற்ற அன்று ரோஹித்தின் கண் கலங்கியதையும், சிராஜ் அழுததையும் நாம் எல்லோரும் பார்த்தோம். நாலே நாளில், நவம்பர் 23, விசாகப்பட்டினத்தில் அதே ஆஸ்திரேலியாவோடு டி20 தொடர் தொடங்கிவிட்டது. இறுதிப் போட்டியில் 28 பந்தில் 18 ரன் எடுத்துத் திணறிய சூர்யகுமார்தான் இந்தத் தொடருக்குக் கேப்டன். 209 ரன்னைத் துரத்தி ஜெயித்த அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 80. எனக்கு அன்றைக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்கவே மனமில்லை, டிவியைப் போடவில்லை. ஒரு ரசிகனாக எனக்கு அந்த உரிமை இருந்தது. சூர்யகுமாருக்கு இல்லை. அவர் 80 அடித்ததால் அகமதாபாத்தை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? அந்த 28 பந்துகள் அவரிடம் எங்கேயோ இருக்கத்தான் செய்யும். இருந்தும் மட்டையை எடுத்துக்கொண்டு போயாக வேண்டும்.

எல்லா வீரர்களுமே இப்படி உருகுகிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடமைக்கு ஆடுகிறவர்கள் உண்டு. கடைசி இரண்டு வருடத்தை ஓட்டினால் போதும் என்று துறை அணியில் நிற்கிறவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஆட்டம் முடிந்த பிறகான கைகுலுக்கல் இல்லை. ஆட்டத்துக்கு முந்தைய காலை. பயிற்சியில் கடைசி ரவுண்டு ஓடுகிறானா, எட்டாத பந்துக்கு விழுகிறானா என்பதில் தெரிந்துவிடும். அக்கறை இல்லாதவன்தான் தோற்றதும் பெரிதாகத் தலையில் கைவைத்து உட்காருவான் என்பதும் என் அனுபவம், எல்லா முறையும் இல்லை, ஆனால் பல முறை. கேமரா எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஆகவே, நீங்கள் சாப்பிடாமல் படுத்ததில் தப்பே இல்லை. அடுத்த முறையும் அப்படித்தான் படுப்பீர்கள், நானும்தான். ஆனால் "அவனுக்கு என்ன, காசு வாங்கிட்டான்" என்று சமூக வலைதளத்தில் அவனுடைய பக்கத்திலும் குடும்பத்துப் படங்களிலும் போய் எழுதுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள், செய்கிற நண்பர்களைத் தடுங்கள். அந்தப் பந்தைப் பற்றி நீங்கள் எழுதுவதைவிட நூறு மடங்கு அவன் தனக்குள் சொல்லி முடித்திருப்பான். அதைப் படிப்பது பெரும்பாலும் அவன் இல்லை, வீட்டில் இருப்பவர்கள்.

அந்தத் தாரமங்கலத்துப் பையனின் அம்மாவை ஒருமுறை வீட்டில் போய்ப் பார்த்தேன். வாலிபால் விதிகள் அவருக்குத் தெரியாது, இதுவரை ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. "எப்படிம்மா, ஜெயிச்சானா தோத்தானான்னு உங்ககிட்ட சொல்லுவானா?" என்று கேட்டேன். சொல்ல மாட்டானாம். எப்போது வந்தாலும் நன்றாகச் சிரித்துப் பேசுவானாம், சாப்பிடுவானாம். ஆனால் ஜெயித்து வந்த நாளில் பையைத் திண்ணையிலேயே போட்டுவிட்டு உள்ளே வருவான், தோற்று வந்த நாளில் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தறிக்குப் பின்னால், சுவரோரமாக வைப்பான் என்றார். "வேலைக்குப் போயி இத்தன வருசமாச்சு சார், இப்பவும் அப்பிடித்தான் வைக்கிறான்."